வந்த வட்டி, எழுதிய வட்டி

என் மேசைக்கு வரும் கம்பெனிகளின் பெயரை நான் வெளியில் சொல்லக் கூடாது. அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தொழிலைச் சொல்லலாம். பல் மருத்துவர்களின் கிளினிக்குகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிச் சேர்க்கும் கம்பெனி ஒன்று. டெக்சஸில் வீட்டு ஏசி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள், கரையானுக்கு மருந்தடிப்பவர்கள், ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்பவர்கள். ஆப்பிள், வால்மார்ட் போல ஊரறிந்த பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அதற்காகத் தெருமுனைக் கடை என்றும் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு 1 கோடி டாலரிலிருந்து 100 கோடி டாலர் வரை விற்பனை உள்ள இவற்றை அமெரிக்காவில் ‘மிடில் மார்க்கெட்’ என்கிறார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராயவே ஒரு மையம் இருக்கிறது. அந்த மையத்தின் கணக்குப்படி இப்படிப்பட்ட கம்பெனிகள் சுமார் 2 லட்சம். அந்நாட்டின் தனியார் துறை உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு இவற்றிலிருந்துதான் வருகிறது.

இந்தக் கம்பெனிகள் வாங்கிய கடனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை போடுவது என் வேலை. தரமணியில் ஏழாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு போடுகிறேன். சி.ஏ. முடித்தவள், கோவை கணபதிக்காரி, அப்பாவுக்கு லேத் பட்டறை. கடனுக்கு எதற்கு விலை என்று அப்பா கேட்டதற்கு விளக்கம் சொல்லி முடிக்க ஒரு தீபாவளி விடுமுறையே போய்விட்டது. இந்தக் கட்டுரையில் அதைவிடச் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட கம்பெனிக்குக் கடன் வேண்டுமென்றால் உள்ளூர் வங்கிக்குப் போகும். இல்லையென்றால் ஜி.இ. கேப்பிடல். பல்பும் விமான இன்ஜினும் செய்த அதே ஜெனரல் எலெக்ட்ரிக்கின் நிதிப் பிரிவுதான். ஒரு காலத்தில் நடுத்தரக் கம்பெனிக் கடனில் அதுதான் பெரிய கை. 2008 நெருக்கடியில் வங்கிகள் சூடுபட்டன. அதன்பின் வந்த விதிகள், ஆபத்தான கடனுக்கு வங்கி தன் சொந்த மூலதனத்தைக் கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்றன. 2013-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள்: வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தைப் போல 6 மடங்குக்கு மேல் ஒரு கம்பெனிக்குக் கடன் இருந்தால் அது கவலைக்குரியது. வங்கிகள் பின்வாங்கின. 2015-ல் ஜி.இ. நிறுவனமும் கடையைக் கட்டத் தொடங்கி, ஆன்டாரெஸ் என்ற தன் நடுத்தரக் கடன் பிரிவை 1,200 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியது கனடா அரசு ஊழியர்களும் தொழிலாளர்களும் மாதாமாதம் பணம் போடும் ஓய்வூதிய நிதியின் முதலீட்டு வாரியம். வங்கியின் இடத்துக்கு ஓய்வூதியப் பணம் வந்தது. அதற்குப் பின் நடந்ததெல்லாம் இதன் நீட்சிதான்.

வங்கியில்லாமல், கடன் பத்திரச் சந்தைக்கும் போகாமல், ஒரு நிதி மேலாளர் பிறர் பணத்தைத் திரட்டி நேரடியாகக் கம்பெனிக்குக் கொடுக்கும் கடன்தான் ‘பிரைவேட் கிரெடிட்’. இதற்கான பாத்திரம் 1980-லேயே தயாராக இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ‘பிசினஸ் டெவலப்மென்ட் கம்பெனி’ என்ற ஒரு வகையை உருவாக்கியது, தொழிலில் பி.டி.சி. என்போம். மொத்தச் சொத்தில் 70 சதவீதத்தைப் பெரும்பாலும் பட்டியலிடப்படாத, சிறிய அமெரிக்கக் கம்பெனிகளில் போட வேண்டும். வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் நிறுவன வரி கிடையாது. 2018-ல் விதி தளர்ந்தது: சொந்தப் பணம் 1 டாலருக்கு 1 டாலர் கடன் வாங்கலாம் என்றிருந்தது 2 டாலர் ஆனது. பன்னாட்டு நிதியத்தின் கணக்கில், 2023-ல் உலகளவில் பிரைவேட் கிரெடிட்டின் அளவு, கொடுப்பதாக வாக்களித்த தொகையையும் சேர்த்து, 2.1 லட்சம் கோடி டாலர். அதில் முக்கால்வாசி அமெரிக்காவில்.

கம்பெனிகள் ஏன் பிரைவேட் கிரெடிட்டிடம் வருகின்றன? வட்டி கூடுதல் என்று தெரிந்தேதான் வருகின்றன. வங்கிகள் கூட்டாகக் கொடுக்கும் கடனென்றால் மதிப்பீட்டு நிறுவனம், முதலீட்டாளர் கூட்டம், சந்தை நிலவரம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இங்கே நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவார்கள். முன்னுரிமைக் கடன், பின்னுரிமைக் கடன் என்று இரண்டாகப் பிரிக்காமல் ஒரே பத்திரம், ஒரே வட்டி. அதற்கு ‘யூனிட்ராஞ்ச்’ என்று பெயர். பெரும்பாலும் கடன் வாங்குவது கம்பெனியைத் தொடங்கிய ஆள் அல்ல. அதை விலைக்கு வாங்க வரும் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம். வாங்கும் விலையில் பாதி தன் பணம், பாதி கடன். அந்தக் கடனும் வாங்கப்படும் கம்பெனியின் தலையிலேயே ஏறும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கணக்கு கற்பனை, விகிதங்கள் நான் அன்றாடம் பார்ப்பவை. பூச்சி மருந்தடிக்கும் கம்பெனிக்கு ஆண்டு லாபம், வட்டிக்கும் வரிக்கும் முன், 2 கோடி டாலர். அதைப் போல ஐந்தரை மடங்கு கடன்: 11 கோடி. வட்டி நிலையானதல்ல, சோஃபர் என்ற அடிப்படை விகிதத்துக்கு மேல் 6 சதவீதம். 2021-ல் அடிப்படை விகிதம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்சம் 1 என்று எழுதியிருப்பார்கள். ஆக 7 சதவீதம், ஆண்டுக்கு 77 லட்சம் டாலர். தாங்கும். 2022 மார்ச்சில் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றத் தொடங்கி 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 வரை கொண்டுபோனது. அப்போது அதே கடனுக்கு 11.3 சதவீதம்: 1 கோடியே 24 லட்சம். கம்பெனி ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை. வட்டி மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

அந்த 2 கோடி லாபமும் முழுசாக லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. கடன் கேட்கும்போது ‘சரிசெய்த லாபம்’ ஒன்றைக் காட்டுவார்கள். இரண்டு கிளைகளை இணைக்கப் போகிறோம், அதில் மிச்சமாகும் சம்பளத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு வழக்குச் செலவு, அது இனி வராது, அதையும் சேருங்கள். 2018-ல் வீவொர்க் நிறுவனம் கடன் பத்திரம் விற்றபோது விளம்பரச் செலவு, நிர்வாகச் செலவையெல்லாம்கூடக் கழிக்காமல் ஒரு லாபக் கணக்குக் காட்டியது. எங்கள் தொழிலில் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்போம். சிரித்துக்கொண்டே நாங்களும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளத்தான் செய்கிறோம். பூச்சி மருந்துக் கம்பெனியின் 2 கோடியில் 40 லட்சம் இப்படி வந்தது என்று வையுங்கள். வட்டி போக மிச்சம் 36 லட்சம். அதில் வரி, வண்டிகள், அசலில் ஆண்டுதோறும் கட்டவேண்டிய 1 சதவீதம்.

இங்கேதான் பி.ஐ.கே. வருகிறது. எங்கள் வாயில் அது ‘பிக்’. வட்டியில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கட்டாமல் அசலோடு சேர்த்துவிடுவது. எல்லா பிக்கும் கெட்டதல்ல. வேகமாக வளரும் மென்பொருள் கம்பெனிக்குத் தொடக்கத்திலேயே, ‘முதல் இரண்டு வருடம் பாதி வட்டியை அசலில் ஏற்றிக்கொள்’ என்று எழுதிக் கொடுப்பதுண்டு. அதற்கேற்ற கூடுதல் வட்டியும் உண்டு. என் கண்ணை உறுத்துவது, முதல் ஒப்பந்தத்தில் இல்லாமல் மூன்றாம் வருடம் திருத்தத்தில் நுழையும் பிக்.

தீபாவளி விளக்கத்தில் அப்பா சிக்கிக்கொண்டதும் இந்த இடத்தில்தான்.

“கட்ட முடியாத வட்டிய அசலோட சேத்துக்குவாங்கப்பா.”

“சரி. கடன் குடுத்தவன் அதை என்னன்னு வெச்சுக்குவான்?”

“வருமானம்னு எழுதிக்குவாங்க.”

“எழுதிக்கிறது கெடக்குது அம்மிணி, வந்தது எவ்வளவு?”

அப்பாவுக்கு வங்கியில் கேஷ் கிரெடிட் (சி.சி.) லிமிட் இருந்த காலத்தில், மாதம் பிறந்தால் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். கையிருப்புச் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் குறைந்தால் எடுக்கக்கூடிய தொகையும் குறையும். வட்டி 90 நாளைத் தாண்டி நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன். மேலாளர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் கணினி தானே குறித்துவிடும். பிரைவேட் கிரெடிட்டில் அந்த 90 நாள் வருவதே அரிது. தவணை தவறுவதற்கு முன்பே தவணை மாற்றி எழுதப்படும். கடன் கொடுத்தவர் ஒருவரோ நால்வரோ. கம்பெனியை அவர்களுக்கு உள்ளும் புறமும் தெரியும். பிரைவேட் ஈக்விட்டிக்காரரோடு நாளைக்கு இன்னொரு பேரம் இருக்கிறது. சந்தையில் சிதறிக் கிடக்கும் 200 பேரைச் சமாதானம் செய்வதைவிட இது எளிது. நல்ல கம்பெனி ஒன்று தற்காலிகச் சிரமத்தில் மூடப்படாமல் தப்புவதும் இதனால்தான். அப்படித் தப்பியவை என் கோப்புகளிலேயே உண்டு. ஆனால் தப்பியதும், தள்ளிப்போடப்பட்டதும் முதல் ஒன்றரை வருடத்துக்குக் காகிதத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

பி.டி.சி.க்கு இதில் ஒரு விசித்திரச் சிக்கல். எழுதிய வட்டியும் வரிக்கு வருமானம்தான். 90 சதவீதத்தைப் பங்குதாரருக்கு ரொக்கமாகத் தர வேண்டும். வராத பணத்தை எங்கிருந்து தருவது? வேறு கடன் திரும்பிய பணத்திலிருந்து, அல்லது வங்கியில் தானே கடன் வாங்கி. மேலாளரின் ஊக்கக் கட்டணமும் பல நிறுவனங்களில் இந்த வருமானத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. திருத்தத்தில் கையெழுத்திடும் யாருக்கும் அன்றைக்கு நஷ்டமில்லை.

இனி விலைக்கு வருகிறேன். பங்குக்கு மும்பையிலோ நியூயார்க்கிலோ ஒவ்வொரு நொடியும் விலை உண்டு. இந்தக் கடன்களை யாரும் அன்றாடம் வாங்கி விற்பதில்லை. ஆனாலும் காலாண்டு முடிவில் ‘நியாய மதிப்பு’ என்று ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். கம்பெனியை இன்று விற்றால் என்ன கிடைக்கும், அது கடனை மூடுமா என்று முதலில் பார்ப்போம். மூடும் என்றால், இதே ஆபத்துள்ள புதுக் கடனுக்கு இன்று சந்தை என்ன வட்டி கேட்கும் என்று பார்த்து, அந்த விகிதத்தில் வரப்போகும் பணத்தைத் தள்ளுபடி செய்வோம். 100-க்கு 95.5 முதல் 97.5 வரை என்று ஒரு வரம்பு கொடுப்போம். அதற்குள் எந்தப் புள்ளி என்பது மேலாளரின் விருப்பம். பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் மடிக்கணினியோடு வந்து நின்றான். “மேடம், நம்ம 96 போட்ட கடனை இன்னொரு ஃபண்ட் 88-ல வெச்சிருக்கு. அதே கம்பெனி, அதே பத்திரம், அதே தேதி.” பி.டி.சி.க்கள் தங்கள் கடன் பட்டியலை முழுசாக வெளியிட வேண்டும் என்பதால் இது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதுதான். “யாரு மேடம் தப்பு?” என்றான். இரண்டுமே விதிப்படி சரி என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அடுத்த காலாண்டில் அந்தக் கோப்பை அவனிடமே கொடுத்தேன்.

புளூரல்சைட் என்ற பெயர் சென்னை ஐ.டி. ஆட்கள் பலருக்குத் தெரியும். கம்பெனி சந்தா கட்டி, நம்மைப் படிக்கச் சொல்லும் ஆன்லைன் பயிற்சித் தளம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி. 2021-ல் விஸ்டா என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் அதைச் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு ப்ளூ அவுல், ஏரெஸ், கோலப் உள்ளிட்ட பெரிய பிரைவேட் கிரெடிட் நிறுவனங்கள் சேர்ந்து 100 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தன. லாபத்தைப் பார்த்துக் கொடுத்த கடன் அல்ல, ஆண்டுதோறும் வரும் சந்தாவைப் பார்த்துக் கொடுத்தது. லாபம் பின்னால் வரும் என்ற நம்பிக்கை. வட்டி ஏறியது, ஐ.டி. கம்பெனிகள் ஆள் குறைத்தன, சந்தா மந்தமானது. 2024-ல் கம்பெனியின் அறிவுசார் சொத்துகளைத் துணை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றி, அங்கிருந்து பணம் எடுத்து வட்டி கட்டினார்கள். கடன் கொடுத்தவர்கள் கொதித்துப் போனார்கள். நாலைந்து பேர் பழகிய வட்டத்தில் இப்படியெல்லாம் நடக்காது என்பதுதான் இந்தத் தொழிலின் பெருமையாக இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கடன் கொடுத்தவர்களே உரிமையாளர் ஆனார்கள்; விஸ்டாவின் முதல் போயே போனது. என்னைக் கேட்டால், எல்லாரும் படிக்க வேண்டிய கதை இதுதான். அடுத்த ஆண்டு தலைப்புச் செய்தியான கதைகள் அல்ல.

அந்தத் தலைப்புச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பரில் டெக்சஸைச் சேர்ந்த ட்ரைகலர், கடன் வரலாறு சரியில்லாதவர்களுக்குப் பழைய கார் விற்றுக் கடனும் கொடுத்த கம்பெனி, திவாலானது. ஒரே கார்க் கடனைப் பல இடத்தில் ஈடு காட்டியதாகக் குற்றச்சாட்டு. மாத இறுதியில் ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ். கார் வைப்பர், ஃபில்டர், பிரேக் உதிரிபாகங்கள் விற்றது. வரவேண்டிய பில்களை முன்கூட்டியே விற்றுப் பணம் புரட்டியதில் ஒரே பில் இரண்டு முறை போனதா என்ற விசாரணை. ஜேபி மார்கன் வங்கிக்கு ட்ரைகலரில் மட்டும் 17 கோடி டாலர் போனது. ஒரு கரப்பான் தெரிந்தால் உள்ளே இன்னும் இருக்கும் என்றார் அதன் தலைவர் ஜேமி டைமன். கரப்பானைத் தேட வேண்டியது உங்கள் வங்கியில்தான் என்ற பொருளில் ப்ளூ அவுலின் மார்க் லிப்ஷுல்ட்ஸ் திருப்பிக் கொடுத்தார். லிப்ஷுல்ட்ஸ் சொன்னதில் பாதி நியாயம் உண்டு: ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸின் பெருங்கடன் பலரிடம் விற்கப்பட்ட சந்தைக் கடன், ட்ரைகலருக்குக் கொடுத்தவை வங்கிகள். மோசடி எந்தக் கடையிலும் நடக்கும். எனக்குள்ள பயம் மோசடியைப் பற்றியதல்ல, விதிப்படி எழுதப்படும் 96-ஐப் பற்றியது.

அந்த 96 என்ன செய்யும் என்பதற்கு அதே ஆண்டு நவம்பரில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. ப்ளூ அவுலிடம் உள்ள பி.டி.சி.க்களில் இரண்டு: ஒன்று பங்குச்சந்தையில் பட்டியலிட்டது, மற்றது பட்டியலிடாதது. இரண்டையும் இணைக்கத் திட்டமிட்டார்கள். பட்டியலிடாததில் பணம் போட்டவர்கள் புத்தக மதிப்பில் கணக்கிட்டுப் பட்டியலிட்டதன் பங்குகளைப் பெறுவார்கள். ஆனால் அந்தப் பங்கு சந்தையில் புத்தக மதிப்பைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாக விலைபோய்க்கொண்டிருந்தது. அதாவது 100 என்று அறிக்கையில் படித்தவர் கையில் 80 கிடைக்கும். இணைப்பு முடியும்வரை பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. கூச்சல் எழுந்தது, திட்டம் சில நாளில் கைவிடப்பட்டது.

பட்டியலிடாத நிதிகளில் போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. பொதுவாக ஒரு காலாண்டில் மொத்த நிதியில் 5 சதவீதம்வரைதான் திருப்பித் தருவார்கள். இந்த வரம்பை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து வருடக் கடனில் போட்ட பணத்தை ஐந்து நாளில் கேட்டால் எங்கே போவது? ஆனால் விற்கும் முகவர் இதை எந்தப் பக்கத்தில் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பெரிய ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அப்போலோ நிறுவனம் 2022-ல் ஏதீன் காப்பீட்டு நிறுவனத்தையே தன்னோடு இணைத்துக்கொண்டது. அடுத்த குறி தனிநபர்கள். 2025 ஆகஸ்டில் டிரம்ப் பிறப்பித்த ஆணை, 401கே என்ற ஊழியர் ஓய்வுக் கணக்குகளுக்குள் இவ்வகை முதலீடுகள் நுழைய வழிவிடச் சொல்கிறது. வங்கிகளும் விலகிப் போய்விடவில்லை. கம்பெனிக்கு நேராகக் கொடுக்காமல், கொடுப்பவர்களுக்குக் கொடுக்கின்றன. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்துள்ள கடன் 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்தியாவில் இது இன்னும் பணக்காரர் ஆட்டம்தான். செபியின் 2012 விதிப்படி மாற்று முதலீட்டு நிதியில் நுழைய பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் வேண்டும். 2018-ல் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் கவிழ்ந்தபின் வங்கியல்லாத நிறுவனங்கள் ஒதுங்கிய இடத்தில் இந்த நிதிகள் வளர்ந்தன. இந்தத் துறையில் பெயர்பெற்ற நார்தர்ன் ஆர்க், விவ்ரிதி இரண்டுக்கும் தலைமையகம் சென்னைதான். 2025-ல் ஷாபூர்ஜி பலோன்ஜி குழுமம் சுமார் 340 கோடி டாலர் திரட்டியது, 19.75 சதவீத வருவாய் விகிதம், இடையில் வட்டித் தவணை கிடையாது, எல்லாம் முடிவில். அப்பா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

நியூஜெர்சியில் இருக்கும் சித்தி மகன் போன மாதம் அழைத்தான். “அக்கா, ஒரு பி.டி.சி. 10 பர்சென்ட் டிவிடெண்ட் தருது. போடலாமா?” போடு, போடாதே என்று சொல்வது என் வேலையல்ல என்றேன். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் தளத்தில் அதன் காலாண்டு அறிக்கை இலவசமாகக் கிடக்கிறது. வருமானப் பக்கத்தை விட்டுவிட்டு ரொக்க ஓட்ட அறிக்கையைத் திற என்றேன். லாபத்திலிருந்து கழிக்கும் வரிசையில் மேலேயே, அசலில் சேர்த்த வட்டி என்று ஒரு வரி இருக்கும். அதை மொத்த வட்டி வருமானத்தால் வகுக்கச் சொன்னேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

“பதினொண்ணு பர்சென்ட் வருதுக்கா.”

“மூணு வருஷம் முன்னாடி?”

“இரு, அந்த அறிக்கையத் தேடுறேன்.”

தேடிக்கொண்டிருக்கும்போதே, கடன் பட்டியலில் வட்டி வசூலாகாதவை என்று குறியிட்டவற்றையும், கொடுத்த தொகை ஒரு பத்தியிலும் இன்றைய மதிப்பு அடுத்த பத்தியிலும் இருப்பதையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு பத்திக்கும் நடுவே இடைவெளி அதிகமுள்ள ஐந்து பெயரை எழுதி, அதே பெயரை வேறொரு பி.டி.சி. அறிக்கையில் தேடு. அதில் பாதி என் மேசை வழியாக வந்ததாகவும் இருக்கலாம். அதை மட்டும் என்னிடம் கேட்காதே என்றேன்.